கல்லில் ஒரு குறை

கழுகுமலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் மலையடிவாரக் குடைவரையில் இருக்கும் முருகனைத் தரிசித்துவிட்டு, பழமும் விபூதியும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். என்னைப்போல் சரித்திரப் பித்துப் பிடித்த சிலர்தான் வெயிலையும் பாராமல் மலைமேல் ஏறி, வெட்டுவான் கோயிலுக்கு முன்னால் போய் வாயடைத்து நிற்கிறவர்கள்.

வெட்டுவான் கோயில் கட்டின கோயில் அல்ல, வெட்டின கோயில். எட்டாம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், பாறையைச் சுற்றிலும் பள்ளமாகத் தோண்டி, நடுவே நின்ற ஒற்றைக் கல்லை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். மேலே சிகரம் முடிந்துவிட்டது. மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி விரல் நுனிவரை முடிந்துவிட்டார். கீழேயோ வேலை பாதியில் நிற்கிறது. உளித் தழும்புகளோடு பாறை பாறையாகவே இருக்கிறது. ஏன் நிறுத்தினார்கள் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

நான் மலையிலிருந்து இறங்கி வரும்போது, கிரிவலப் பாதையோரத்தில் ஒரு கல்தச்சர் கீற்றுக் கொட்டகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் ஒரு நீண்ட கருங்கல் கிடந்தது. சின்னச் சுத்தியலால் அதை இங்கே ஒரு தட்டு, அங்கே ஒரு தட்டுத் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, கல்லோடு பேசுகிறீர்களா?" என்றேன்.

"நான் எங்கே தம்பி பேசுதேன்? அதுல்லா பேசுது! நான் கேக்கேன்" என்றார். இன்னும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "இது சாமிக்கு ஆகாது. உள்ளே ஒரு ஓட்டம் இருக்கு. படிக்கல்லுக்கு வேணும்னா ஆகும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

"மேலே ஒன்றும் தெரியவில்லையே?"

"மேலே தெரிஞ்சா கண்ணு உள்ளவன் எல்லாம் கல்தச்சன் ஆயிருவானே, தம்பி!"

அந்தப் பதிலை நான் பஸ்ஸில் ஏறிய பிறகும் மறக்க முடியவில்லை. குறையுள்ள கல்லைத் தள்ளிவிடுவது சிற்பியின் தர்மம். ஆனால் குறையைத் தேடிப் போய், அதைச் சுற்றியே ஒரு சாஸ்திரத்தை வளர்த்தவர்களும் உலகத்தில் உண்டு. அவர்களில் முன்னோடியான ஒருவர் இந்தச் சீமைக்காரர். அந்தக் கதையைத்தான் இப்போது சொல்ல உத்தேசம்.

முதலில் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கருங்கல்லை உடைத்து வெயிலில் பிடித்தால் மினுக்கு மினுக்கென்று பொடிகள் தெரியும். சில கண்ணாடிபோல் இருக்கும், சில காக்காய்ப்பொன். அவை ஒவ்வொன்றும் ஒரு ஸ்படிகம். ஸ்படிகம் என்றால் அணுக்கள் ஒழுங்காக வரிசை பிடித்து நிற்கும் பொருள் என்று அர்த்தம். கரிசல் காட்டில் பருத்தி விதைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாலுக்குச் சால் ஒரே தூரம், செடிக்குச் செடி ஒரே தூரம். ஸ்படிகத்துக்குள் அணுக்கள் நிற்பதும் அப்படியே. ஆனால் எந்தப் புஞ்சையிலும் எல்லா விதையும் முளைப்பதில்லை. அங்கங்கே ஓர் இடம் வெறுமையாகக் கிடக்கும். பருத்திக்கு நடுவே எங்கிருந்தோ வந்த ஒரு சோளப் பயிர் தலைதூக்கி நிற்கும். ஸ்படிகத்திலும் அப்படியே. ஓர் அணு இல்லாத இடம் உண்டு. வேறு ஜாதி அணு வந்து குடியேறிய இடம் உண்டு. இவைதாம் ஸ்படிகத்தின் குறைகள்.

கழுகுமலைக்கு வடக்கே, ஸ்ரீவில்லிபுத்தூரையும் தாண்டிப் போனால், கரிசல் மண் முடிந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் தொடங்குகிற இடத்தில் வத்திராயிருப்பு இருக்கிறது. அங்கே 1898-ல் டிசம்பர் 4-ந் தேதி பிறந்தவர் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாஸ கிருஷ்ணன். உலகம் அவரை கே.எஸ். கிருஷ்ணன் என்று அறியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூடம், மதுரை அமெரிக்கன் கல்லூரி, பிறகு சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரி. அந்தக் கல்லூரியில் ரசாயனப் பிரிவில் வேலை பார்த்தபோது, மத்தியான இடைவேளையில் யார் வேண்டுமானாலும் வந்து எந்தச் சந்தேகத்தை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று ஒரு சபை நடத்தினாராம். மற்றக் கல்லூரி மாணவர்கள்கூட அதற்கு வருவார்களாம். சாப்பாட்டு நேரத்தில் மாணவர்களைக் கூட்ட முடிந்த ஆசிரியர் சாமானியர் அல்ல என்பதை நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள்.

1923-ல் கல்கத்தாவில் ராமனிடம் சேர்ந்தார். திரவங்களில் ஒளி சிதறுவதைப் பற்றிய ஆராய்ச்சி. 1928 பிப்ரவரியில் ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டபோது பக்கத்தில் இருந்து உழைத்தவர் கிருஷ்ணன். நம்மில் பலருக்கு அவருடைய பெயர் ராமன் பெயரின் நிழலில் மட்டுமே தெரியும். அவர் தனியாகச் செய்த காரியம் என்ன என்று கேட்டால் விழிப்போம்.

அதே ஆண்டுக் கடைசியில் கிருஷ்ணன் டாக்கா சர்வகலாசாலைக்குப் போனார். அங்கேதான் ஸ்படிகங்கள் அவரைப் பிடித்துக்கொண்டன. ஒரு சிறு ஸ்படிகத்தை மெல்லிய நூலில் கட்டிக் காந்தத்துக்கு நடுவே தொங்கவிடுவார். அது ஒரு பக்கமாகத் திரும்பும். எவ்வளவு பலத்தோடு திரும்புகிறது என்று அளந்து, அதிலிருந்தே உள்ளே மூலக்கூறுகள் எந்தத் திசையில் படுத்திருக்கின்றன என்று கண்டு சொல்வார். கழுகுமலைப் பெரியவர் கல்லைத் தட்டிக் கேட்டார் அல்லவா? கிருஷ்ணன் தட்டவில்லை, திருகிப் பார்த்துக் கேட்டார். இரண்டு பேருக்கும் கல் பதில் சொல்லிற்று.

1933-ல் கல்கத்தாவுக்குத் திரும்பியபின் அவர் கைக்கு வந்த பொருள்களில் ஒன்று கிராபைட். உங்கள் பேனாப் பெட்டியில் கிடக்கும் பென்சிலின் கரிதான் அது. அதன் அமைப்பு அப்பளக் கட்டைப் போன்றது. ஒவ்வோர் அப்பளத்துக்குள்ளும் கரி அணுக்கள் தேன்கூட்டு அறைகளைப்போல் அறுகோணமாகக் கைகோத்து நிற்கின்றன. அணுவுக்கும் அணுவுக்கும் 1.42 ஆங்ஸ்ட்ராம் தூரம். ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடியாக வகுத்தால் வருவது ஓர் ஆங்ஸ்ட்ராம். ஆனால் அப்பளத்துக்கும் அப்பளத்துக்கும் இடையே 3.35 ஆங்ஸ்ட்ராம். அதனால்தான் பென்சிலைக் காகிதத்தில் தேய்த்தவுடன் அப்பளம் அப்பளமாக உரிந்து எழுத்தாகிறது.

காந்தத்தைக் கண்டால் கிராபைட் விலகும். கிருஷ்ணனும் கங்கூலியும் அளந்து பார்த்தார்கள். அப்பளத்துக்குக் குறுக்கே காந்தத்தைக் காட்டினால் உண்டாகும் விலகல், அப்பளத்தின் போக்கிலேயே காட்டினால் உண்டாவதைப்போல் சுமார் நாற்பது மடங்கு! 1941-ல் லண்டன் ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் அவர்கள் காரணம் சொன்னார்கள். கிராபைட்டில் சில எலெக்ட்ரான்கள் எந்த அணுவுக்கும் சொந்தமாக இல்லாமல், அப்பளத்துக்குள் மட்டும் சுதந்திரமாக ஓடித் திரிகின்றன. ஓர் அப்பளத்திலிருந்து அடுத்த அப்பளத்துக்குத் தாவுவதில்தான் அவற்றுக்குச் சிரமம். ஆக, எலெக்ட்ரான்களுக்குக் கிராபைட் என்பது தட்டையான உலகங்களின் அடுக்கு. 2004-ல் மான்செஸ்டரில் கெய்ம், நோவோசெலோவ் என்ற இருவர் ஒட்டு நாடாவால் கிராபைட்டிலிருந்து ஒரே ஒரு அப்பளத்தை உரித்தெடுத்து, 2010-ல் நோபல் பரிசு பெற்றார்கள் அல்லவா? அந்தத் தட்டையான உலகத்தைப் பற்றி வத்திராயிருப்புக்காரர் அதற்கு அறுபது வருஷங்களுக்கு முன்பே பேசியிருக்கிறார்.

இனிமேல் குறையின் கதை. 1942-ல் கிருஷ்ணன் அலகாபாத் சர்வகலாசாலைக்குப் போனார். அங்கே பாட்டியா என்ற மாணவருடன் சேர்ந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். செம்பு, வெள்ளி போன்ற உலோகங்களில் மின்சாரம் போகும்போது தடை உண்டாகிறதே, அந்தத் தடை எங்கிருந்து வருகிறது?

அணுக்கள் நெருக்கமாக நிற்பதால் எலெக்ட்ரான்கள் அவற்றில் முட்டிக்கொள்கின்றன என்றுதான் நமக்குச் சொல்லத் தோன்றும். அது தவறு. எலெக்ட்ரான் ஓர் அலையாகவும் நடந்துகொள்கிறது. அணுக்கள் அச்சுப் பிசகாமல் வரிசையாக நின்றால் அந்த அலை அவற்றினூடே தடையின்றிப் போய்விடும். சுத்தமான கண்ணாடி வழியாக வெளிச்சம் போகவில்லையா, அதைப்போல. தடையை உண்டாக்குவது அணு அல்ல. அணுக்களின் வரிசையில் விழுந்த பிசகு. உஷ்ணத்தால் அணுக்கள் ஆடுவது ஒரு பிசகு. அந்நிய அணு வந்து உட்கார்ந்திருப்பது இன்னொரு பிசகு. உலோகத்தை உருக்கிவிட்டாலோ வரிசையே குலைந்துபோகிறது.

திரவத்தில் வெளிச்சம் ஏன் சிதறுகிறது என்று ராமனோடு வருஷக்கணக்கில் பார்த்தவர் அல்லவா கிருஷ்ணன்? அங்கேயும் காரணம் இதுவேதான். ஒழுங்கில் விழும் ஏற்ற இறக்கம். எனவே உருகிய உலோகத்தில் எக்ஸ் கதிர்கள் எப்படிச் சிதறுகின்றன என்ற கணக்கை வைத்தே, எலெக்ட்ரான்கள் எப்படிச் சிதறும் என்றும், மின்தடை எவ்வளவு என்றும் சொல்லிவிடலாம் என்று அவருக்குப் பட்டது. 1945-ல் 'நேச்சர்' பத்திரிகையில் இருவரும் இதை எழுதினார்கள். பதினாறு வருஷங்களுக்குப் பிறகு, 1961-ல், ஸைமன் என்ற ஆங்கிலேயர் உருகிய உலோகங்களுக்கு விரிவான சித்தாந்தம் ஒன்றை வகுத்தார். அதன் ஆணிவேர் அலகாபாத்தில் ஊன்றியது. அதே 1961-ல் ஜூன் மாதம் கிருஷ்ணன் டில்லியில் காலமானார். அதற்குள் தேசிய பௌதிக ஆராய்ச்சிச்சாலையின் முதல் டைரக்டராக இருந்து அதை நிலைநாட்டிவிட்டார். கிராபைட்டையும் கடைசிவரை கைவிடவில்லை; அதைப் பழுக்கக் காய்ச்சினால் எலெக்ட்ரான்கள் எவ்வளவு வெளிவரும் என்று 1952-ல் ஜெயின் என்ற சகாவோடு அளந்தார்.

கிருஷ்ணன் காலத்து விஞ்ஞானிகள் குறைகளைக் கணக்கில் பிடித்தார்கள்; கண்ணால் பார்க்கவில்லை. லட்சோபலட்சம் குறைகள் சேர்ந்து செய்யும் காரியத்தின் கூட்டுத்தொகைதான் அவர்களுக்குக் கிடைத்தது. ஒரே ஒரு குறையை எடுத்து வைத்துக்கொண்டு, 'அப்பா, நீ உன்னைச் சுற்றி என்ன செய்கிறாய்?' என்று விசாரிக்க வழி இல்லை. அந்த விசாரணைக்கு ஸ்படிகத்தின் மேற்பரப்புத்தான் வசதியான இடம். ஆனால் மேற்பரப்பு பொல்லாதது. மறுபடியும் பருத்திப் புஞ்சைக்கு வாருங்கள். நடுக்காட்டுச் செடிக்கு நாலு பக்கமும் அண்டை அயல் உண்டு. வரப்போரச் செடிக்கு ஒரு பக்கம் யாரும் இல்லை. காற்று அதன் மேல் அதிகம் அடிக்கும். போகிற ஆடு ஒரு வாய் கடிக்கும். மேற்பரப்பு அணுவின் கதியும் அதுதான். ஒரு பக்கம் துணை இல்லாததால் அது இடம் மாறி உட்காரும். காற்றில் உள்ள தூசும் ஈரமும் வந்து ஒட்டும். உடைத்த இடத்தில் படிப்படியாக வெட்டு விழுந்திருக்கும். கடவுள் பொருளின் உட்புறத்தைப் படைத்தார், மேற்பரப்பைப் படைத்தது சைத்தான் என்று பௌலி என்ற பெரிய விஞ்ஞானி அலுத்துக்கொண்டதாக ஒரு பேச்சு வழங்குகிறது.

சைத்தானின் வேலையைப் பார்க்க 1981-ல் ஒரு கருவி பிறந்தது. ஸூரிச்சில் பின்னிக், ரோரர் என்ற இருவர் செய்தது. 1986-ல் அதற்காக நோபல் பரிசு கிடைத்தது. கருவியின் தத்துவம் எளிது. கடைசி முனையில் ஒரே ஓர் அணு நிற்கும்படியான ஊசியை, ஸ்படிகத்தைத் தொடாமல், சில ஆங்ஸ்ட்ராம் உயரத்தில் நிறுத்துகிறார்கள். அந்த இடைவெளியைத் தாண்டி எலெக்ட்ரான்கள் ஒழுகும். ஊசி ஓர் ஆங்ஸ்ட்ராம் கிட்டப் போனால் ஒழுக்கு ஏறக்குறையப் பத்து மடங்காகும். அந்த ஒழுக்கை அளந்தபடியே ஊசியை வரிவரியாக நகர்த்திப் படம் எடுக்கிறார்கள். கண் தெரியாதவர் விரலால் முகத்தைத் தடவி அடையாளம் காண்பதைப்போல.

இந்த ஊசிக்கு மிகப் பிரியமான பொருள் எது தெரியுமா? கிருஷ்ணனின் கிராபைட்! ஒட்டு நாடாவை ஒட்டிப் பிய்த்தால் புத்தம்புதுப் பரப்பு கிடைக்கும். 1989-ல் மைஸஸ், ஃபாஸ்டர் என்ற இருவர், கிராபைட் பரப்பில் ஒரு குறை இருக்கும் இடத்தைப் படம் பிடித்தார்கள். குறை என்னவோ ஓர் அணு அளவுதான். ஆனால் அதைச் சுற்றிப் பல அணுக்களின் தூரத்துக்கு எலெக்ட்ரான்களின் நடமாட்டமே மாறியிருந்தது. குளத்தில் கல் விழுந்த இடத்தைச் சுற்றி அலை எழுவதுபோல, அணு வரிசையின் கட்டத்தைவிடப் பெரிய கட்டமாக, 1.73 மடங்கு அகலத்தில், ஒரு புதுக் கோலம் விரிந்திருந்தது. குறை இல்லாத இடத்தில் அந்தக் கோலம் இல்லை.

குறை ஆளை ஏமாற்றவும் செய்யும். 1980-களின் கடைசியில் சிலர் கிராபைட் பரப்பின்மேல் டி.என்.ஏ. இழைகளைப் பரப்பிப் படம் எடுத்தார்கள். உயிரின் ரகசியம் முறுக்கிய கயிறுபோல் அழகாகத் தெரிந்தது. 1991-ல் கிளெம்மர், பீப் என்ற இருவர் ஒன்றுமே தூவாத வெறும் கிராபைட்டைப் படம் எடுத்துக் காட்டினார்கள். அதிலும் அதே முறுக்குக் கயிறு! பரப்பில் இருந்த படிக்கட்டும் பிளவுமே கயிற்றின் வேஷம் போட்டிருந்தன. எத்தனை பேருடைய உழைப்பு அந்த ஒரு படத்தால் சந்தேகத்துக்கு உள்ளாகியிருக்கும்! பரப்பின் குறையை அறியாதவன் பார்ப்பது எதையுமே நம்புவதற்கில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

கதை இதோடு முடியவில்லை. சில பொருள்களில் எலெக்ட்ரான்கள் அணுக்களின் ஒழுங்கோடு திருப்தி அடையாமல், தங்களுக்கென்று தனி ஒழுங்கு ஒன்றை ஏற்படுத்திக்கொள்கின்றன. ஓரிடத்தில் நெருக்கமாக, அடுத்த இடத்தில் விலகி, மறுபடி நெருக்கமாக, அலைபோல் அணிவகுக்கின்றன. 1970-களின் நடுவில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச்சாலையில் வில்சன், டிசால்வோ, மஹாஜன் என்ற மூவரும், வேறு சிலரும் கிராபைட்டைப் போன்ற சில அடுக்குப் பொருள்களில் இதைக் கண்டார்கள். இத்தகைய விசித்திரப் பொருள்களுக்கு இன்று 'குவாண்டம் பொருள்கள்' என்று பெயர்.

அவற்றுள் ஒன்று நியோபியம் டைசெலினைடு. உஷ்ணத்தைப் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 240 டிகிரி சென்டிகிரேட் வரை இறக்கினால், அதில் எலெக்ட்ரான்கள் ஏறக்குறைய மூன்று அணுவுக்கு ஓர் அலை என்று அணிவகுத்துவிடும். அந்த எல்லைக்கு மேலே போனால் அணிவகுப்பு கலைந்துவிடும். இதுதான் பாடம். ஆனால் 2014-ல் நியூயார்க் கொலம்பியா சர்வகலாசாலைக்காரர்கள் பரப்பை ஊசியால் தடவியபோது, எல்லைக்கு மேலேயும் சில திட்டுக்களில் அணிவகுப்பு கலையாமல் இருந்தது தெரிந்தது. எங்கே? குறைகளைச் சுற்றி! ஊர்வலம் கலைந்துபோன பிறகும், சுமைதாங்கிக் கல்லைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதைப்போல.

குறை ஒழுங்கைக் கெடுக்குமா, காக்குமா? இரண்டும் உண்டு. நம் ஊர்த் தேரைப் பாருங்கள். சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறார்கள். அது தேரை நிறுத்துகிறது. அதே கட்டையைச் சாய்த்துப் போட்டால் தேரைத் தெருத் திருப்பியும் விடுகிறது. எலெக்ட்ரான் அலைகளும் அப்படித்தான் குறைகளில் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. சில பொருள்களில் மின்னழுத்தத்தை ஓர் அளவுக்குமேல் ஏற்றினால், முட்டுக்கட்டையை மீறித் தேர் மொத்தமாக நகர்ந்துவிடுகிறது. 1976-ல் இதையும் கண்டுவிட்டார்கள்.

முட்டுக்கட்டைகள் எங்கும் சிதறிக் கிடந்தால் என்ன ஆகும்? 1958-ல் ஆண்டர்ஸன் இந்தக் கேள்வியைக் கேட்டார். குறை மிகுந்தால் எலெக்ட்ரான் ஓடவே முடியாமல் ஓரிடத்தில் சிறைப்பட்டுவிடும் என்றார். 1979-ல் அவரும் இன்னும் மூவரும் சேர்ந்து, கிராபைட் அப்பளத்தைப்போன்ற தட்டையான உலகத்தில் சிறு குறையே இந்தச் சிறைக்குப் போதும் என்று எழுதினார்கள். ஒன்றையொன்று பாதிக்காத எலெக்ட்ரான்களுக்கான கணக்கு அது. அந்த மூவரில் ஒருவர், 1941-ல் சென்னையில் பிறந்த டி.வி. ராமகிருஷ்ணன். குறையின் சாஸ்திரத்தில் தமிழனின் பங்கு வத்திராயிருப்போடு நின்றுவிடவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இவ்வளவையும் படித்துத் தெரிந்துகொண்டபின், அடுத்த தடவை கழுகுமலைக்குப் போனபோது அந்தக் கொட்டகைக்கு நேரே நடந்தேன். பெரியவர் இருந்தார். அந்தப் பழைய கல்லும் இருந்தது, பாதி படிக்கல்லாகியிருந்தது. மூச்சு விடாமல் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். குறையைச் சுற்றித்தான் ஒழுங்கு கடைசிவரை நிற்கிறதென்றும், குறையைத் தள்ளிவிட்டால் கல்லின் அந்தரங்கம் தெரியாமலே போய்விடுமென்றும், வத்திராயிருப்பிலிருந்து போன ஒருவர் இதற்கெல்லாம் வழி காட்டியிருக்கிறாரென்றும் சொன்னேன்.

அவர் உளியைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். வத்திராயிருப்பு என்றதும் முகம் மலர்ந்தது. "நம்ம பக்கத்து ஆளா!" என்று ஒருமுறை சொல்லிக்கொண்டார். பிறகு கல்லை ஒரு தட்டுத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"நீங்க சொல்றது எல்லாம் அந்தச் சின்ன அணுவுக்குச் சரிதான் தம்பி" என்றார். "ஆனா கும்பாபிஷேகத்தன்னிக்குச் சாமிக்கு மூக்கு உடைஞ்சா, உங்க விஞ்ஞானியா வந்து ஒட்டுவாக?"

நான் பதில் சொல்லாமல் மலையை அண்ணாந்து பார்த்தேன். மேலே, முடிந்த சிகரமும் முடியாத அடித்தளமுமாக, வெட்டுவான் கோயில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.